மின்சாரத்தின் இரண்டாம் பந்தி

எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் நான் சிறுவயதில் கண்ட காட்சியொன்றைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் நூறு இலை போடத்தான் இடமிருக்கும். வந்திருப்போரோ முந்நூறு பேர். அதற்காகப் பெண்ணைப் பெற்றவர் கூடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிவிடுவதில்லை. மூன்று பந்தியாகப் பரிமாறுகிறார். ‘பந்திக்கு முந்து’ என்ற பழமொழியை மனத்திற் கொண்டு முன்னே பாய்பவர் சிலர். “எனக்கென்ன அவசரம், அடுத்த பந்தியில் உட்காருகிறேன்” என்று திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசுபவர் சிலர். யாரும் கேளாமலே கடைசிப் பந்திக்கு ஒதுக்கப்படுபவரும் உண்டு. ஓடியாடிப் பரிமாறிய இளைஞரும், அடுப்படியில் வெந்த பெண்டிருமே அவர்கள். கூடம் ஒன்றே, உணவும் ஒன்றே. காத்திருப்பவர் விரும்பிக் காத்திருக்கிறாரா, வேறு வழியின்றிக் காத்திருக்கிறாரா என்பதில்தான் வேறுபாடு.

மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்தவன் கலியாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஒரு பெருநகரத்தின் தெருக்களுக்கு அடியிலே ஓடும் மின்கம்பிகளும் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைப் போன்றவையே. அவற்றிற்கும் ஓர் அளவு உண்டு. யாவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் இடம் போதாது. அப்போது கூடத்தைப் பெரிதாக்குவதா, சிலரைக் காத்திருக்கச் செய்வதா? காத்திருப்பவர்க்கு என்ன கைம்மாறு செய்வது? இக்கேள்விகளுக்கு இலண்டன் மாநகரம் நூற்றுநாற்பது ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைத் தேடி வந்திருக்கிறது. அவற்றுள் மிகப் புதியது ‘உள்ளூர் நெகிழ்வுச் சந்தை’ என்று சொல்லப்படுவது. அது பிறந்த வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

மின்சாரத்தின் இயல்பு ஒன்றை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். நீரை ஏரியில் தேக்கலாம். மின்சாரத்தையோ பெரும்பாலும் உண்டாக்கிய கணத்திலேயே செலவிட்டாக வேண்டும். ஆதலின் ஒரு கம்பி ஓராண்டில் மொத்தம் எத்தனை யூனிட் சுமந்தது என்பது அதன் பருமனை முடிவு செய்வதில்லை. ஆண்டிலேயே மிக நெருக்கடியான அரைமணி நேரத்தில் அது எவ்வளவு சுமக்க நேர்ந்தது என்பதே முடிவு செய்கிறது. அளவுக்கு மிஞ்சிய ஓட்டத்தால் கம்பி சூடேறும். மின்மாற்றியின் சுருள்களைச் சுற்றியுள்ள காகித உறை நாளடைவில் வலுவிழக்கும். இங்கிலாந்தில் அந்த நெருக்கடி குளிர்கால மாலையில், ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே வருவது வழக்கம். அந்தச் சில மணிகளை உத்தேசித்துப் புதைத்த செம்பும் இரும்பும் ஆண்டின் எஞ்சிய பொழுதெல்லாம் முழுவேலையின்றிக் கிடக்கின்றன.

இந்த உண்மை மின்சாரத் தொழிலின் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிட்டது. 1882 ஜனவரியில் எடிசனின் கம்பெனியார் இலண்டனில் ஹால்பர்ன் மேம்பாலத்தருகே ஒரு மின்நிலையத்தை இயக்கத் தொடங்கினர். நியூயார்க்கின் புகழ்பெற்ற பேர்ல் தெரு நிலையம் திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே இது நடந்தது. தெருவைத் தோண்டாமல் பாலத்தின் அடிப்பக்கமாகவே கம்பிகளைக் கொண்டு செல்லலாம் என்பது அவ்விடத்தின் வசதி. அந்நாளில் மின்சாரம் என்றால் விளக்குதான். பொழுது சாய்ந்தால் எல்லாரும் ஒருங்கே விளக்கேற்றுவர். பகலெல்லாம் இயந்திரம் வாளா நிற்கும். அந்நிலையம் 1886-ல் மூடப்பட்டது.

1892-ல் ஜான் ஹாப்கின்சன் என்னும் பொறியியல் அறிஞர் இச்சிக்கலைத் தெளிவாக எடுத்துரைத்தார். மின்சாரம் வழங்குவதில் இருவகைச் செலவு உண்டு என்றார் அவர். ஒன்று, எரிக்கும் நிலக்கரிக்கான செலவு. அது விற்கும் யூனிட்டைப் பொறுத்தது. மற்றொன்று, எப்போது கேட்டாலும் கொடுக்க ஆயத்தமாக நிற்பதற்கான செலவு; அது வாடிக்கையாளர் ஒரே சமயத்தில் எவ்வளவு கேட்பார் என்பதைப் பொறுத்தது. ஒரே அளவு மின்சாரத்தை நாள் முழுவதும் பரவலாகச் செலவிடுபவரையும், ஒரு மணி நேரத்தில் செலவிடுபவரையும் ஒரே கட்டணத்தில் நடத்துவது நியாயமன்று என்பது இதன் உட்பொருள். பிரைட்டன் நகரின் மின்பொறியாளர் ஆர்தர் ரைட் என்பவர் வாடிக்கையாளரின் உச்சத் தேவையைக் குறித்துக் காட்டும் கருவியொன்றை அமைத்து, அதன்படி கட்டணம் விதித்தார். 1894-ல் பிரைட்டனுக்கு வந்த சாமுவேல் இன்சல் அம்முறையைக் கண்டு, தாம் தலைமை வகித்த சிக்காகோ மின்கம்பெனிக்குக் கொண்டு சென்றார். ஆக, நேரத்துக்கு விலையுண்டு என்ற கருத்துக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வேறொரு வழியில் சென்றது. கூடம் போதவில்லையா, பெரிய கூடம் கட்டு என்பதே அந்நூற்றாண்டின் விடை. இலண்டனில் பல சிறு கம்பெனிகளும் நகரசபைகளும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் மின்சாரம் விற்றுவந்த குழப்பத்தை நீக்க, 1926-ல் மின்வழங்கல் சட்டம் நிறைவேறியது. 1,32,000 வோல்ட் அழுத்தமுள்ள தேசியக் கம்பிவலை 1933-ல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் தேம்ஸ் ஆற்றங்கரையில் பாட்டர்சீ மின்நிலையமும் வேலைக்கு வந்தது. தேவை எழும்போதெல்லாம் அதற்குமேல் ஒரு படி கட்டுவது என்ற இம்முறை வெற்றி பெற்றது. மக்களும் சுவரிலுள்ள விசையைத் தட்டினால் எந்நேரமும் மின்சாரம் வரும் என்று நம்பத் தொடங்கினர்.

அந்த நம்பிக்கை 1947-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உடைந்தது. கடும் பனியால் நிலக்கரி வண்டிகள் நகரவில்லை. பிப்ரவரி 7-ஆம் நாள் எரிபொருள் அமைச்சர் ஷின்வெல் பாராளுமன்றத்தில் எழுந்து மின்வெட்டை அறிவித்தார். இலண்டன், தென்கிழக்கு, மத்தியப் பகுதி, வடமேற்கு ஆகிய இடங்களில் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் நின்றது. வீடுகளில் காலை 9 மணி முதல் 12 மணி வரையிலும், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையிலும் மின்சாரத்தைப் பயன்படுத்தலாகாது என்று ஆணை பிறந்தது. பி.பி.சி.யின் ‘மூன்றாம் நிகழ்ச்சி’ என்ற வானொலிப் பிரிவும், அப்போது இளம்பருவத்திலிருந்த தொலைக்காட்சியும் சில காலம் ஊமையாயின. இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து வீட்டிலிருந்தனர். இஃது கட்டளையால் வந்த காத்திருப்பு. காத்திருந்தவருக்கு ஒரு கைம்மாறும் இல்லை. காத்திருப்பது எவருக்கு எளிது, எவருக்கு அரிது என்று கேட்பாரும் இல்லை. பகல் வேளையில் வீட்டுப் பெண்களின் கையைக் கட்டிய ஆணை அது.

1948 ஏப்ரல் முதல் நாள் மின்சாரத் தொழில் நாட்டுடைமையாயிற்று. அதன்பின் கட்டளைக்குப் பதிலாகக் கட்டணத்தின் வாயிலாகக் காத்திருக்கச் செய்யும் முறை செல்வாக்குப் பெற்றது. 1960-களில் ‘வெப்பச் சேமிப்புக் கணப்பு’ என்னும் கருவி பரவியது. கனத்த செங்கற்கள் அடுக்கிய இரும்புப் பெட்டி அது. நள்ளிரவில் ஊர் உறங்கும்போது மின்சாரம் அக்கற்களைச் சூடாக்கும். பகலில் கற்கள் அச்சூட்டை மெல்ல மெல்ல அறைக்குள் விடும். மின்சாரத்தைத் தேக்க முடியாவிடினும் வெப்பத்தைத் தேக்கலாம் அல்லவா? 1978 அக்டோபரில் ‘எகானமி ஏழு’ என்ற கட்டணம் வந்தது. இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை என்பது அதன் பொருள்.

வானொலியில் பேசும் எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. எத்தனையோ இலட்சம் வீடுகளிலுள்ள கணப்புகளைத் தக்க நேரத்தில் இயக்கி நிறுத்துவது எப்படி? வானொலியே அதற்கு உதவியது. பி.பி.சி.யின் நீண்ட அலைவரிசை நாடெங்கும் எட்டியது. டிராய்ட்விச் முதலிய நிலையங்களிலிருந்து புறப்பட்ட அவ்வலையின் மீது, கேட்பவர் காதுக்குப் புலப்படாத நுண்ணிய குறிகளை 1980-களில் ஏற்றி அனுப்பினர். மேலே செய்தியும் நாடகமும் கடல் வானிலையும் ஒலித்துக்கொண்டிருக்க, அதே அலை வீட்டு மூலையிலிருந்த சிறுபெட்டிக்கு ‘இப்போது கணப்பை மூட்டு, இப்போது நிறுத்து’ என்று கட்டளையிட்டு வந்தது. வீட்டுக்காரர் உறங்கிக்கொண்டிருக்கையில் அவருக்காக வானொலி விழித்திருந்தது.

இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. மலிவு நேரம் ஒரு பெரும்பகுதி முழுவதற்கும் பொதுவானது. அது நாட்டின் மொத்தத் தேவையை நோக்கி வகுத்தது. ஒரு குறிப்பிட்ட தெருவின் மின்மாற்றி எந்த நேரத்தில் மூச்சுத் திணறுகிறது என்பதை அது அறியாது. அன்றி, மலிவு நேரம் தொடங்கியவுடன் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் விழித்தெழுந்தால் புதியதோர் உச்சம் தோன்றும். முதற்பந்தியின் நெருக்கடியை இரண்டாம் பந்திக்கு மாற்றியது போலாகும்.

தெருவின் நிலை ஏன் முக்கியமாயிற்று என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். 500 கிலோவாட் தாங்கக்கூடிய மின்மாற்றியொன்று இருநூறு வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவதாகக் கொள்வோம். மாலையில் வீட்டுக்குச் சராசரி ஒன்றரைக் கிலோவாட் என்றால் மொத்தம் 300, கவலையில்லை. அத்தெருவில் நாற்பது பேர் மின்சாரக் கார் வாங்குகின்றனர். வீட்டில் கார் மின்னேற்றும் கருவி ஒன்று 7 கிலோவாட் இழுக்கும். நாற்பதும் ஆறு மணிக்கு ஒன்றாகத் தொடங்கினால் 280, கூட்டினால் 580. மாற்றி தாங்காது. அவற்றுள் இருபது கார்கள் இரவு பதினொரு மணிவரை காத்திருந்தாலோ 440-தான். கார் காலையில்தான் வேண்டும். அதன் சொந்தக்காரருக்கு இழப்பொன்றும் இல்லை. நாடு முழுவதும் மின்சாரம் மிகுந்திருந்தாலும் அத்தெருவுக்குப் பயனில்லை. அத்தெருவில் உள்ளவர்தாம் அத்தெருவின் சுமையைக் குறைக்க முடியும். நெகிழ்வுச் சந்தை உள்ளூருக்கு உரியதாக இருக்கவேண்டிய காரணம் இதுவே.

1989-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டனின் மின்தொழில் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. மின்சாரத்தை விற்பது ஒருவர் தொழில், கம்பிகளைப் பராமரிப்பது மற்றொருவர் தொழில் என்றாயிற்று. இலண்டனின் பகிர்மானக் கம்பிகள் 2010-ல் ‘யூ.கே. பவர் நெட்வொர்க்ஸ்’ என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தன. அந்நிறுவனம் 2011 முதல் 2014 வரை ‘லோ கார்பன் லண்டன்’ என்ற பரிசோதனையை நடத்தியது. நுண்ணறிவு மீட்டர் பொருத்திய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அதில் சேர்ந்தன. அவற்றுள் ஏறத்தாழ ஆயிரத்து நூறு வீடுகளுக்கு 2013-ஆம் ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும் விலை விதிக்கப்பட்டது. சாதாரண நேரத்தில் யூனிட்டுக்கு 11.76 பென்ஸ், மலிவு நேரத்தில் 3.99 பென்ஸ், நெருக்கடி நேரத்தில் 67.20 பென்ஸ். நாளைய விலை இன்றே வீட்டிலுள்ள சிறு திரையிலும் கைபேசியிலும் தெரிவிக்கப்பட்டது. முன்கூட்டிச் சொன்னால் மக்கள் தம் வேலை நேரத்தை மாற்றிக்கொள்வர் என்பது புலனாயிற்று. ஆனால் எல்லா வீடுகளும் ஒரேபோல் மாற்றிக்கொள்ளவில்லை என்பதும் உடன் புலனாயிற்று.

அதே காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் ஒரு முன்மாதிரி உருவாயிற்று. நியூயார்க்கில் புரூக்ளின், குவீன்ஸ் பகுதிகளுக்கு மின்சாரம் செல்லும் வழியில் நெருக்கடி வரப்போகிறதென்று கான் எடிசன் கம்பெனி கண்டது. புதிய துணைமின்நிலையம் கட்ட நூறு கோடி டாலருக்கு மேல் செலவாகும். அதற்குப் பதிலாக இருபது கோடி டாலர் செலவிட்டு, அப்பகுதி மக்களின் உச்சத் தேவையைக் குறைப்பதற்கான திட்டத்தை மாநிலப் பொதுச்சேவைக் குழு 2014 டிசம்பரில் ஏற்றது. கடைகளிலும் குடியிருப்புகளிலும் பழைய விளக்குகளை மாற்றினர், மின்கலங்களை வைத்தனர். 2016-ல் உச்சநேரத்தில் தேவையைக் குறைத்துத் தருபவர் யார் என்று ஏலமும் நடத்தினர். கட்டவேண்டிய கட்டடத்தைத் தள்ளிப்போடுவதும் விலைக்கு வாங்கத்தக்க ஒரு பண்டம் என்று அவ்வேலம் காட்டியது.

இலண்டனில் இந்த வாணிகம் 2018-ல் முறையான வடிவம் பெற்றது. பிக்லோ என்ற நிறுவனம் இதற்கெனக் கணினிவழிச் சந்தையொன்றை அவ்வாண்டில் அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டனின் பகிர்மான நிறுவனங்கள் யாவும், புதிய கம்பி போடுமுன் அதே பணியை நெகிழ்வினால் செய்ய இயலுமா என்று சந்தையில் கேட்டுப் பார்ப்பதாக உறுதி கூறின.

அச்சந்தை நடைபெறும் விதம் இது. கம்பி நிறுவனம் நகரத்தின் வரைபடத்தை வெளியிட்டு, ‘இந்த வட்டாரத்தில், இந்த மாதங்களில், மாலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இவ்வளவு மெகாவாட் சுமை குறையவேண்டும்’ என்று அறிவிக்கிறது. அவ்வட்டாரத்தில் உள்ளவர்கள் விலை கூறுகின்றனர். பெரிய மின்கலம் வைத்திருப்பவர் தம்மிடமுள்ள மின்சாரத்தை விட முன்வருவார். குளிர்சாதனக் கிடங்குக்காரர் இரண்டு மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தி வைக்க முன்வருவார். ஒரு கார் மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்காரர் தனியாக வந்து விலை கூறுவது அரிது; ஆயிரம் வீடுகளைச் சேர்த்து ஒரு கட்டாக விற்றுத்தரும் தொகுப்பாளர் நடுவில் நிற்கிறார். பணமும் இருவகையாகக் கிடைக்கும்: ஆயத்தமாக நிற்பதற்கு ஒன்று, உண்மையில் குறைத்ததற்கு மற்றொன்று. ஹாப்கின்சன் 1892-ல் பிரித்துக் காட்டிய அதே இரு செலவுகள், இப்போது திசைமாறி வாடிக்கையாளரின் கைக்கு வருவாயாக வருகின்றன.

தொடக்கத்தில் இந்தச் சேவையை நால்வகையாகப் பிரித்தனர். முன்பே தெரிந்த உச்சநேரத்தில் நாள்தோறும் குறைப்பது முதல்வகை. அளவு எட்டும் தறுவாயில் அழைப்பு வந்தபின் குறைப்பது இரண்டாவது. ஒரு கம்பி பழுதானபோது மற்றக் கம்பியின் சுமையைக் குறைப்பது மூன்றாவது. மின்சாரம் அடியோடு நின்றபின் அதனை மீட்க உதவுவது நான்காவது.

இங்கே ஒரு கேள்வி எழும். கம்பி போடுவதையே தொழிலாகக் கொண்டவர், கம்பி போடாமல் இருப்பதை ஏன் விரும்பவேண்டும்? முன்னாளில் மண்ணில் புதைத்த முதலுக்குத்தான் அவர்களுக்கு நீண்டகால ஆதாயம் கிடைத்தது. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டண விதிகளில், ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் முதலீட்டுச் செலவையும் நடைமுறைச் செலவையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டது. சிக்கனத்தில் நிறுவனத்துக்கும் ஒரு பங்கு, வாடிக்கையாளருக்கும் ஒரு பங்கு என்றாயிற்று. அதன்பின்னரே நெகிழ்வு என்பது அறிக்கைகளிலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு வந்தது. சந்தையின் விதிகளை நாடெங்கும் ஒருமைப்படுத்தும் பொறுப்பு 2024-ல் எலெக்ஸான் என்ற அமைப்புக்கு அளிக்கப்பட்டது.

இவையெல்லாம் கணக்கர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் 2022-ஆம் ஆண்டில் மேற்கு இலண்டனில் நடந்ததை நினைக்கவேண்டும். ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ ஆகிய மூன்று வட்டாரங்களில் புதிதாக வீடு கட்ட முனைந்தவர்களுக்கு, போதிய மின்னிணைப்புக் கிடைக்க 2035 வரைகூட ஆகலாம் என்ற செய்தி வந்தது. அப்பகுதியில் ஒளியிழைக் கம்பிகளின் ஓரமாக எழுந்த பெரும் கணினிக் கிடங்குகள் மின்னிணைப்பின் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டன. வீடில்லாத குடும்பங்கள் நிறைந்த நகரத்தில், மின்மாற்றியில் இடமில்லாமையால் வீடுகள் எழாமல் நின்றன. முன்பதிவு செய்தவருக்கே இலை என்றால், பின்னால் வந்தவர் எத்தனை பந்தி காத்திருந்தாலும் இடம் கிடையாது. பிடித்த இடத்தை எல்லா நேரமும் பயன்படுத்தாதவர், நெருக்கடி மணிகளில் மட்டும் விட்டுக்கொடுத்தால் மற்றவர்க்கு வழி பிறக்கும். நெகிழ்வின் பயன் இவ்வளவு பருப்பொருளானது.

ஆயினும் இச்சந்தையில் கள்ளமும் புகக்கூடும். ஒருவர் ‘நான் குறைத்தேன்’ என்று பணம் கேட்டால், குறைக்காவிடில் எவ்வளவு செலவிட்டிருப்பார் என்பதை அறியவேண்டும். நடக்காத ஒன்றை எந்த மீட்டர் அளக்கும்? முந்தைய நாட்களின் செலவைக்கொண்டு ஓர் அடிப்படை வகுக்கின்றனர். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் காகித ஆலையொன்று, அடிப்படையை அளந்த நாட்களில் தன் சொந்த மின்னாக்கியை வேண்டுமென்றே தணித்து வைத்துவிட்டு, வெளியிலிருந்து மின்சாரம் வாங்கிக் கணக்கை உயர்த்தியது என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளாயிற்று. பின்னர் வழக்கம்போல் மின்னாக்கியை ஓட்டிவிட்டு, தேவையைக் குறைத்ததாகப் பணம் பெற்றதாம். 2013-ல் அது ஒரு கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. நெருக்கடியைத் தீர்ப்பவருக்குப் பணம் கிடைக்குமென்றால், நெருக்கடியை உண்டாக்கித் தீர்க்கவும் சிலர் முற்படுவர். ஒரு தெருவில் விற்பவர் இருவரே என்றால் அவர்கள் கேட்டதே விலையாகிவிடும் என்ற இடரும் உண்டு. ஆகவே ‘சந்தை’ என்று பெயரிட்டுவிட்டால் நியாயம் தானே வந்துவிடாது, கண்காணிப்பும் வேண்டும்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்கவேண்டும் என்பதுமில்லை. சிலவற்றை விதியாலும் செய்யலாம். 2022 ஜூன் 30 முதல் பிரிட்டனில் வீடுகளுக்கென விற்கும் கார் மின்னேற்றிகள், நெருக்கடி நேரத்தைத் தவிர்க்குமாறு முன்னமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் தொடங்காதபடி ஒவ்வொன்றும் பத்து நிமிடம் வரை தன் மனம்போல் தாமதிக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. வீட்டுக்காரர் விரும்பினால் இவ்வமைப்பை மாற்றிக்கொள்ளலாம். பந்தியில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் சற்று விட்டுவிட்டு உட்காரச் சொல்லும் பெரியவரைப் போன்றது இவ்விதி.

இனி, என் மனத்தைப் பெரிதும் வருத்துவதைச் சொல்லவேண்டும். காத்திருக்க முடிகின்றவர் யார்? தனிவீடும் கார் நிறுத்த முற்றமும் மின்கலமும் உடையவர் உறங்கிக்கொண்டே நெகிழ்வை விற்றுப் பணம் பெறலாம். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரிடம் விற்பதற்கு என்ன உண்டு? மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பிப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் தாய் அந்தச் சமையலை எந்நேரத்துக்குத் தள்ளிப்போடுவாள்? நெகிழ்வுக்குத் தரும் பணமோ இறுதியில் எல்லாருடைய மின்கட்டணத்திலிருந்தும் வருகிறது. கம்பி போடாமல் மிச்சமாகும் தொகை, கொடுக்கும் தொகையைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஏழைக்கும் அதில் இலாபமே. கட்டணம் உயராமல் நிற்கும். அக்கணக்கு வெளிப்படையாக இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வானொலியால் இயங்கிய பழைய கணப்புகளின் கதையே இதற்கு எச்சரிக்கை. அவ்வலை அனுப்பும் கருவிகள் முதுமையடைந்தமையால், 2025 ஜூன் 30 முதல் அச்சேவையைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினர். குறித்த நாள் நெருங்கியபோதும் எத்தனையோ வீடுகளில் பழைய மீட்டர் மாற்றப்படாமலே இருந்தது. கணப்பு நிற்காமல் எரியலாம், அல்லது மூளாமலே போகலாம் என்று எச்சரிக்கைகள் வந்தன. நகரவாயு எட்டாத அடுக்கு வீடுகளிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்த பலர் இக்கணப்புகளை நம்பியிருந்தவர்கள். உச்சநேரத்தில் ஒதுங்கி நின்று, இரவுப் பந்தியில் உண்டு, நாற்பதாண்டுக் காலம் கம்பிகளின் பாரத்தைக் குறைத்தவர்கள் அவர்கள். ‘நெகிழ்வு’ என்ற புதுச்சொல் பிறக்குமுன்னரே நெகிழ்ந்து கொடுத்தவர்களை, புதுமுறைக்கு அழைத்துச் செல்லும் வரிசையில் கடைசியில் நிறுத்தியது பொருத்தமாகத் தோன்றவில்லை.

நான் சொன்ன வரலாற்றைத் தொகுத்துப் பார்ப்போமானால், 1947-ல் கட்டளையிட்டனர். 1978-ல் கட்டணத்தால் தூண்டினர். 2018 முதல் விலைகொடுத்து வாங்க முற்பட்டனர். இந்த மூன்றாம் படி, காத்திருப்பவரை முதன்முதலாக ஒரு விற்பனையாளராக, ‘எனக்கு வசதியில்லை’ என்று சொல்லும் உரிமையுடையவராக ஏற்றுக்கொள்கிறது. அதுவே அதன் மேன்மை என்று நான் கருதுகிறேன். இதனால் கம்பியே வேண்டாம் என்று முடிவுகட்டுவதும் தவறு. கார்களும் மின்கணப்புகளும் பெருகப் பெருக ஒருநாள் கூடத்தைப் பெரிதாக்கித்தான் ஆகவேண்டும். எங்கே, எப்போது பெரிதாக்குவது என்று நிதானமாக முடிவு செய்ய நெகிழ்வு அவகாசம் வாங்கித் தருகிறது. அத்தெருவின் உண்மையான தேவை என்ன என்பதையும் விலையால் எடுத்துக்காட்டுகிறது.

நல்ல கலியாண வீட்டில், இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவரிடம் வீட்டுக்காரர் தாமே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பானகமோ மோரோ அனுப்புவார். ஆக்கிப் போட்ட கைகளுக்கு உணவு மிஞ்சியிருக்கிறதா என்று கடைசியில் அடுப்படிக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். இலண்டன் மாநகரின் புதிய சந்தையும், அதைப் பார்த்து மற்ற நகரங்கள் அமைக்கப்போகும் சந்தைகளும், எத்தனை மெகாவாட் குறைந்தது என்பதோடு, அப்படி எட்டிப் பார்த்தனவா என்பதாலும் அளக்கப்படவேண்டும்.